கட்டிலில் கிடப்பவரைத் தவிர எல்லாரும்

அனுமந்தன்பட்டியில் ஒரு பெரியவர் விடிகாலையில் கொல்லைப்பக்கம் போகும்போது வழுக்கி விழுகிறார். வயது எழுபத்தெட்டு. இவர் ஒற்றை ஆள் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளின் பெரியவர்களைச் சேர்த்து நான் ஒருவராக்கி வைத்திருக்கிறேன். ஆகவே பெயர் வேண்டாம். நாற்பது ஆண்டுகள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இரண்டு கைகளையும் தூக்கியபடி கவாத்து வெட்டியவர். மூத்த மகன் திருப்பூரில். இளையவன் ஊரில். மகளை உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இளையவனின் மனைவி விடியுமுன் ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்.

முதல் சண்டை விழுந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. எலும்பு கட்டுகிற வைத்தியரிடம் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா? மகள் சொல் எடுபடுகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இடுப்பு மூட்டுக்குக் கீழே முறிவு என்று சொல்லி, தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். சேர்க்கும்போது இடுப்பு அரைஞாணையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்கிறார்கள். பல்செட்டையும் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மோதிரத்தோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான் இளையவன். தொலைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். கண்ணாடி ஏற்கெனவே வீட்டில் மாடக்குழியில் இருக்கிறது.

இரண்டாம் நாள் ராத்திரி பெரியவர் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிகிறார். சிறுநீர்க் குழாயை இழுக்கிறார். தடுக்கப் போன மகன் கன்னத்தில் ஓர் அறை. மகளைச் செத்துப்போன தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு, மடையத் தொறக்கணும், விடுங்கடா" என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்க்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு கைகளையும் துணிச்சுருளால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். காலையில் வந்த மூத்தவனிடம் இளையவன் சொல்வது இது: "வீட்ல எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்காரு. அதே வீம்பு, அதே கை நீட்டுறது."

இந்த ஒரு வாக்கியம்தான் என் கட்டுரையின் பொருள். "வீம்பு", "முரண்டு", "அடம்" என்று நாம் ஒரே கூடையில் போடுவதற்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் கிடக்கின்றன. ஒன்று நோய். இன்னொன்று அந்த மனிதரின் பழைய குணம். மூன்றாவது, அவர் எடுத்திருக்கும் ஒரு முடிவு. நோய்க்கு வைத்தியம் வேண்டும், குணத்துக்கு எல்லை வேண்டும், முடிவுக்குக் காது வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரும்பாலும் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கையைக் கட்டிவிடுகிறோம்.

அந்த ராத்திரி நடந்தது பெரும்பாலும் நோய். மருத்துவத்தில் டெலிரியம் என்பார்கள். திடீர் மனக்குழப்பம் என்று சொல்லலாம். வார்டில் இருப்பவர்கள் சொல்வது "பேச்சு மாறிப் போச்சு". மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊர்ந்து வருவது. இது சில மணி நேரங்களில் வரும். பகலில் தெளிந்து, பொழுது சாய்ந்தால் மறுபடி ஏறும். காலை ரவுண்ட்ஸில் வரும் மருத்துவரிடம் பெரியவர் நல்லபடியாகப் பேசுவார், இரவெல்லாம் விழித்த மகள் பொய் சொல்வதுபோல் ஆகிவிடும். காரணங்கள் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும்: சிறுநீரில் கிருமி, நுரையீரலில் சளி, உடம்பில் நீர் வற்றுவது, வலி, மலச்சிக்கல், சிறுநீர் கட்டுவது, தூங்குவதற்கென்றோ அரிப்புக்கென்றோ கொடுத்த மாத்திரை. நம் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி காதில் விழுவது "சோடியம் கொறஞ்சிருச்சு". வயதான உடம்பில் உப்பின் அளவு சட்டென்று இறங்கினால் மூளைதான் முதலில் தடுமாறும். இவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. ஆனால் யாராவது தேட வேண்டும். "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான்" என்று ஒருவர் சொன்ன கணத்திலேயே தேடல் நின்றுபோகும்.

ஆண்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. மரியாதை கருதி வீட்டார் மறைப்பது. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் கட்டிலில் விழுந்ததும் குடி நின்றுவிடுகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வேர்க்கும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை இது; இதற்கென்று தனி மருந்து இருக்கிறது. சேர்க்கும்போது டாக்டர் "பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்டதற்கு "சேச்சே" என்று சொன்ன அதே மகன்தான் பிறகு அறை வாங்குகிறான். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போது கேட்டால் அந்தப் பதில்தான் வரும். தனியாக அழைத்துக் கேட்கிற மருத்துவருக்கு வேறு பதில் கிடைக்கும்.

குழப்பம் எப்போதும் கத்தலோடு வருவதில்லை. பேசாமல், கண்ணை மூடிக்கொண்டு, ஊட்டினால் ஒரு வாய் வாங்கிக்கொண்டு கிடப்பவருக்கும் இதே நோய் இருக்கலாம். "பாவம், தொந்தரவே இல்ல" என்று எல்லாரும் பாராட்டுகிற அந்தப் பாட்டிதான் வார்டில் அதிகக் கவலைக்குரியவர்.

அமெரிக்காவில் ஷாரன் இனூயி என்ற முதியோர் மருத்துவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ஒரு திருப்புமுனை. எழுபது வயதைத் தாண்டிய 852 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்குக் கூடுதலாகச் சில காரியங்கள்: இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வது, கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிடுவது, தண்ணீர் குடிக்கவைப்பது, முடிந்தவரை நடக்கவைப்பது, தூக்க மாத்திரைக்குப் பதிலாக இளஞ்சூடான பானமும் முதுகு நீவலும். வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 15 பேருக்குக் குழப்பம் வந்தது. மற்ற பிரிவில் 9.9 பேருக்கு. புதிய மருந்து எதுவும் இல்லை. பணியாளர்களோடு பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

நம் ஆஸ்பத்திரிகளில் இந்தத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். "கூட இருக்க ஆள்" என்று நாம் சொல்கிறவர்கள். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பவர்கள். மூத்திரப் பையைக் காலிசெய்து, ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சர் தள்ளி, கேன்டீன் இட்லியை வாங்கி வந்து ஊட்டுகிறவர்கள். மேல்நாட்டில் ஆராய்ச்சிப் பணம் போட்டு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்த ஆள்பலம் இங்கே தானாக வந்து நிற்கிறது. ஆனால் கண்ணாடியை வீட்டிலிருந்து எடுத்துவா, பல்லைப் போட்டுவிடு, காது கேட்கும் பக்கமாக நின்று பேசு, ராத்திரி விளக்கை அணைக்கவிடு என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985-இலிருந்து இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் கிழவர் கிழவிகளில் கணிசமானோர் கண்புரை ஆபரேஷன் செய்து கண்ணாடி வாங்கியவர்கள். அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. பார்வை மங்கி, பல்லில்லாமல் குழறி, காதும் கேட்காமல், கூரை விசிறி சுற்றுவதை அண்ணாந்து பார்த்துக் கிடக்கும் ஒரு மனிதர் அங்கே ஆள் நிற்பதாகச் சொன்னால் அதில் அதிசயம் என்ன?

மொழியும் கண்ணாடி போலத்தான். கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் நிறைய. குழப்பத்தில் சிறுவயது மொழிக்குத் திரும்பிப் போகும் பாட்டி கன்னடத்தில் தண்ணீர் கேட்டிருப்பார். பணியில் இருக்கும் செவிலியர் தூத்துக்குடிக்காரர். "என்னமோ உளறுது" என்று குறிப்பில் எழுதப்படும்.

முதியோர் மருத்துவம் என்ற துறை இந்தியாவில் வேர்விட்டதே தமிழ்நாட்டில்தான். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் இதற்கான எம்.டி. படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. பெருமைதான். அனுமந்தன்பட்டியிலிருந்து கிண்டி ஐந்நூறு கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் என்றால், 2031-இல் அது பதினெட்டைத் தொடும் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. இந்தத் துறையின் அறிவு நிபுணரின் அறையைவிட்டு வெளியேறி, இரவு டியூட்டி செவிலியருக்கும் பாயில் படுத்திருக்கும் மகளுக்கும் வந்து சேர்ந்தாக வேண்டும்.

இனி குணம். இதைப் பேசத்தான் தமிழில் நமக்குக் கூச்சம். தாய் தந்தை என்றால் தெய்வம் என்று சொல்லிப் பழகிய நாக்கு, "என் அப்பா நல்லவர் இல்லை" என்று சொல்ல மறுக்கிறது. ஆனால் குழப்பம் எதுவுமில்லாத, முழு நினைவோடு இருக்கும் பெரியவர்களிலும் சிலர் கொடுமைக்காரர்கள். வாழ்நாளெல்லாம் பெண்டாட்டியை அடித்தவர் கட்டிலில் விழுந்ததும் சாதுவாகிவிட மாட்டார். மூத்தவன் திருப்பூரிலிருந்து இரண்டு நாள் லீவில் ஆப்பிளோடு வந்தால் முகமெல்லாம் மலர்ச்சி, ஆறு மாதமாகக் கழுவித் துடைக்கிற மருமகள் கஞ்சி கொண்டுவந்தால் "இதென்ன, மாட்டுத் தண்ணியா?" யார் அதிகம் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள்மேல்தான் கோபம் அதிகம் விழும், அவர்கள்தானே எப்போதும் எதிரில் நிற்கிறார்கள்.

அந்த மருமகளைச் சட்டத்தில் தேடிப் பார்த்தேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. கவனிக்க வேண்டியவர்கள் என்று அது சொல்வது மகன், மகள், பேரன், பேத்தி. மருமகனும் மருமகளும் அதில் இல்லை. 2019 டிசம்பரில் கொண்டுவந்த திருத்த மசோதா அவர்களையும் சேர்க்கப் பார்த்தது. அது நிறைவேறாமலே மக்களவையின் காலம் முடிந்துபோனது. ஆக, சட்டப்படி அவளுக்குக் கடமை இல்லை. நடப்பில் முக்கால்வாசி வேலை அவளுடையது. ஏலத்தோட்ட ஜீப்பைத் தவறவிட்டால் அன்றையக் கூலி போச்சு. மாமனாருக்காக அவள் விட்ட கூலியை எந்தப் பாகப்பிரிவினையிலும் யாரும் கணக்கில் எடுத்து நான் பார்த்ததில்லை. மூத்தவன் அனுப்பும் பணம் மட்டும் பைசா சுத்தமாக நினைவில் இருக்கும்.

கசப்போடு கவனிப்பவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். "எனக்கு அவர்மேல பாசமே வரல" என்று அழுத ஒரு மகளை எனக்குத் தெரியும். பாசம் வர வேண்டியதில்லை என்பது என் கருத்து. வேளைக்குச் சோறு, நேரத்துக்கு மருந்து, ஈரமில்லாத துணி, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது. இதற்குப் பாசம் தேவையில்லை, முறை தேவை. கை ஓங்கினால் "மாமா, அடிச்சா நான் வெளியே போயிருவேன், அரை மணி கழிச்சுத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே செய்வதிலும் பாவமில்லை. மாதத்துக்கு ஒரு வீடு என்று மகன்கள் முறை வைத்துப் பெற்றோரைச் சுற்றுக்கு விடும் வழக்கம் பங்கு சமம் என்ற நியாயத்தில் பிறந்தது. ஆனால் மறதி தொடங்கிய ஒருவரை முப்பது நாளுக்கொரு முறை கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியாத வீட்டுக்கு மாற்றினால், அவர் முரண்டு பிடிக்காமல் என்ன செய்வார்? ஆளை மாற்றாமல் வேலையை மாற்றிக்கொள்ளலாம். அவர் ஒரே வீட்டில் இருக்க, பிள்ளைகள் முறை வைத்து அங்கே வரட்டும்.

அதே 2007 சட்டத்தில் நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவது 23-ஆம் பிரிவு. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, அவர்கள் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். உத்தமபாளையம் தனி வருவாய்க் கோட்டம் என்பதால் அனுமந்தன்பட்டிக்காரருக்கு அது தொலைவில் இல்லை. நிபந்தனை இருந்ததென்று காட்டியாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், மகனுக்குத் தாய் எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தபோது, முதியோரைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்தத் தாயிடம் கடைசிவரை கவனிப்பதாக மகன் தனியே எழுதிக்கொடுத்த ஒரு தாளும் இருந்தது. தான செட்டில்மென்ட் எழுதும் பெரியவர்கள், "என்னைக் கடைசிவரை வைத்துப் பார்க்க வேண்டும்" என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்வது நல்லது. எழுதுபவர் தயங்கினாலும் வற்புறுத்தலாம். ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சொத்தைப் பேசும்போதே முடிவெடுக்கும் பேச்சும் வந்துவிடுகிறது. இரண்டையும் வராந்தாவில் ஒரே ஆட்கள்தான் பேசுகிறார்கள்.

இடுப்பு முறிவுக்கு ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது என்பது மருத்துவ வழக்கம். படுக்கையிலேயே கிடந்தால் சளி கட்டும், புண் வரும், இரத்தம் உறையும். செய்தாலும் ஆபத்து உண்டு. இந்த வயதில் இடுப்பு முறிந்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் ஐந்தில் ஒருவருக்குக் குறையாது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே இது கேட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம். யாரைக் கேட்டு? நம் வார்டுகளில் படிவத்தை நீட்டுவது மகனிடம். "நீங்க பையனா? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. டெல்லியில் நாற்பத்துநான்கு வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். நினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக, அவசர உயிராபத்து இல்லாத நிலையில், வேறு யாரும் சம்மதம் தர முடியாது, பெற்ற தாயானாலும் சரி என்றது நீதிமன்றம். தாயின் கையெழுத்து மகளுக்குச் செல்லாது என்றால், மகனின் கையெழுத்து அப்பனுக்கு எப்படிச் செல்லும்? அப்பன் தெளிவாக இருக்கிறவரை அவரைத்தான் கேட்க வேண்டும். குழப்பத்தில் இருப்பவரையும் பகலில் தெளிந்த நேரம் பார்த்துக் கேட்கலாம். முடிவெடுக்கும் திறன் என்பது தேர்வுத்தாள் போன்றதில்லை. சொன்னதைப் புரிந்துகொண்டாரா, கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருந்தாரா, இதுவா அதுவா என்று எடைபோட்டாரா, எப்படியாவது பதில் சொன்னாரா என்று பார்த்தால் போதும். வங்கிக் கணக்கைச் சொல்லத் தெரியாதவருக்கும் காலை வெட்டலாமா கூடாதா என்று சொல்லத் தெரிந்திருக்கலாம்.

இதற்கு எதிராக நிற்பது சட்டம் தெரியாமை மட்டுமில்லை. "அப்பாகிட்ட சொல்லிராதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு." புற்றுநோய் வார்டுகளில் தினமும் கேட்கிற வேண்டுகோள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே கிடப்பவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் ஊகித்துவிடுகிறார். ஊகித்ததைச் சொன்னால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவரும் மறைக்கிறார். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருக்க, கேட்க வேண்டியது கேட்கப்படாமலே போகிறது. பிறகு ஒருநாள் அவர் மருந்தைத் துப்புகிறார். எல்லாரும் அதை "அடம்" என்கிறார்கள். அது மூன்றாவது சங்கதி, முடிவு. வாயால் சொல்ல வாய்ப்புத் தராததால் துப்பிச் சொல்கிறார்.

தென்மாவட்டங்களில் இந்தப் பேச்சின் மேல் ஒரு நிழல் எப்போதும் உண்டு. தலைக்கூத்தல். விருதுநகரை மையமாகக்கொண்டு மதுரை, தேனிப் பக்கங்களிலும் இருந்ததாகச் சொல்லப்படும் வழக்கம். படுத்த படுக்கையான முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, குளிர்ச்சியில் உயிர் பிரியவைப்பது. 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் தன் வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டு, தப்பியோடி உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்த செய்தி வந்த பிறகு வெளியுலகம் இதைக் கவனித்தது. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' இந்தப் பொருளை எடுத்துக்கொண்டு 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. இதை ஆதரிப்பவர்கள் "இழுத்துக்கிட்டுக் கெடக்காம போகணும்ல" என்பார்கள். இரக்கம் என்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் இது கொலை. எனக்கு உறுத்துவது அந்த முதியவர் தன் சாவைப் பற்றி ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பது. எண்ணெயும் இளநீரும் இல்லாமல், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இதே ஒட்டுக்கேட்பு நடக்கிறது. வென்டிலேட்டரில் போடுவதும் எடுப்பதும் அவரில்லாமலே முடிவாகின்றன. "வீட்டுக்குக் கொண்டுபோயிருங்கன்னு சொல்லிட்டாக" என்று உறவுகள் போனில் சொல்லும்போது, சொன்னது யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி 'காமன் காஸ்' வழக்கில் இதற்கொரு வழியைத் திறந்தது. மீள முடியாத நோயில் விழுந்தால் எனக்குச் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முதலில் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்று இருந்ததால் அது ஏட்டளவில் கிடந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் போதும். தனக்காகப் பேசக்கூடியவர்களின் பெயரை அதில் குறிப்பிடலாம். ஒரு படியை உள்ளாட்சி அமைப்பில் இதற்குப் பொறுப்பான அலுவலரிடம் கொடுக்க வேண்டும். வீட்டு வரி கட்டப் போகிற பேரூராட்சி அலுவலகத்தில் இதையும் கொடுக்கலாம் என்பது நம் ஊர்க் காதுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். நடைமுறைப்படுத்தும்போது சிகிச்சையளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு ஒன்று பார்க்கும். பிறகு வெளியிலிருந்து நியமிக்கப்படும் மருத்துவர் ஒருவர் இடம்பெறும் இரண்டாம் குழு பார்க்கும். ஒவ்வொன்றும் கூடியமட்டும் 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். எழுதிவைக்காதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே போன்ற வழி உண்டு. தலைக்கூத்தலுக்கும் இதற்கும் நடுவில் உள்ள தூரம் இந்த நடைமுறைதான்: சம்பந்தப்பட்டவரின் விருப்பத்தைத் தேடிப் பார்ப்பது, வெளியாள் ஒருவர் கேள்வி கேட்பது.

கருவியை நீக்கிவிட்டால் கவனிப்பு முடிந்துவிடாது. வலி, மூச்சுத்திணறல், புண், பயம் இவற்றைத் தணிக்கும் மருத்துவம் தனியாக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இது வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், 2001 வாக்கில் மலப்புரத்தில் அண்டை அயலார் நடத்தும் வலைப்பின்னலாகி, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. அங்கே பஞ்சாயத்துச் செவிலியர் பையோடு வீட்டுக்கு வருகிறார். இங்கிருந்து தினமும் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏறும் ஜீப்புகளில் இருப்பவர்கள் அந்தச் செவிலியர்களைப் பார்த்திருக்கக்கூடும்.

நம் பக்கத்தில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைக்கு மட்டும்தான் அவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையாளி வீட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே செய்வது உத்தமம். கடும் வலிக்கு மார்ஃபின் என்றதும் "போதை மருந்தா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி: மருத்துவத் தேவைக்கு அது கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014-இல் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தியது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பே இல்லாத மத்திய அரசின் அட்டை 2024 அக்டோபரில் வந்தது. அட்டை இருந்தும் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, நகையை அடகு வைத்து, "அப்பாவுக்கு நாங்க ஒரு கொறையும் வைக்கல" என்று ஊருக்குச் சொல்வதற்காகச் செலவழித்த வீடுகளும் உண்டு. அந்தக் கடனை அடைப்பதும் அந்த ஜீப்பில் ஏறுகிற மருமகள்தான்.

க.விலக்குக்குத் திரும்புவோம். மூன்றாம் நாள் காலையில் பெரியவரின் இரத்தத்தைச் சோதித்ததில் சோடியம் இறங்கியிருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்தார்கள். மகள் டாக்டரைத் தனியே பிடித்து, அப்பாவுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் பழக்கம் என்பதைச் சொன்னாள். அதற்கும் மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் கைக்கட்டை அவிழ்த்தார்கள். ஐந்தாம் நாள் வராந்தாவில் மூன்று பிள்ளைகளும் ஒரு சித்தப்பாவும் ஆபரேஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தால் செலவு, செய்யாவிட்டால் பழி. சித்தப்பா "விதி" என்றார். மூத்தவன் மதுரைக்குக் கொண்டுபோவோம் என்றான். ஜீப்புக்குப் போகாமல் வந்திருந்த மருமகள், யாரும் கேட்காமலே உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் நின்று, "மாமா, உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?" என்று கேட்டாள்.

அவர் ஏதோ சொன்னார். புரியவில்லை. இன்னொரு முறை சொன்னார்.

"பல்லு. எம் பல்ல எடுத்துட்டு வாங்க."

மதியம் இளையவன் மோட்டார்சைக்கிளில் ஊருக்குப் போய் பிளாஸ்டிக் கவரோடு வந்தான். மருமகள் பல்லைக் கழுவி மாட்டிவிட்டாள். கண்ணாடியும் வந்தது. கொஞ்ச நேரம் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டாக்டர் வந்ததும் கேட்டார்: "ஆபரேசன் பண்ணா நான் பந்தலுக்குள்ள நடப்பனா, இல்ல வீட்டுக்குள்ளயேதானா?"

ஐந்து நாளாக டாக்டரிடம் எத்தனையோ கேட்டிருந்தார்கள். அதை யாரும் கேட்டிருக்கவில்லை. டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.